வலிக்கிறது என்று வண்டியை வெட்டாதீர்கள்

கீழப்பழுவூரில் திருச்சி–சிதம்பரம் சாலையும் அரியலூர்–தஞ்சாவூர் சாலையும் சந்திக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, போகிற வருகிற டூவீலர்களைப் பாருங்கள். ஒன்றில் ஹேண்டில்பாரைக் கழற்றி வேறொன்றைப் போட்டிருப்பார்கள். இன்னொன்றில் பின்பக்கச் சட்டத்தையே அறுத்து சீட்டைத் தூக்கியிருப்பார்கள். அடுத்த வண்டியில் சாரி கார்டு இருக்காது. அதில்தான் ஓர் அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து, முந்தானையை மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போவார். நடுவில் ஒரு பெரியவர் வருவார், வெல்டிங் பட்டறையில் இரண்டு பக்கமும் சக்கரம் பற்றவைத்த பழைய ஸ்கூட்டரில். ஏன் இப்படி என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "வலி தாங்கல சார்."

வலி பொய்யில்லை. இந்த வட்டாரம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. அதன் மிச்சமான சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமென்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. அந்த லாரிகளுக்குப் பின்னால், அவை கிளப்பும் புழுதியிலும் அவை நொறுக்கிய சாலையிலும்தான் நம் ஜனங்கள் திருச்சி ஆஸ்பத்திரிக்கும் தஞ்சாவூர்க் கல்யாணத்துக்கும் வண்டியில் போகிறார்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் வால் எலும்பு நோகும், விரல் மரத்துப்போகும், கழுத்து இறுகும். வலியோடு ஓட்டுகிறவருக்குக் கவனம் சாலையில் நிற்காது. அதனால் இதைச் சொகுசு பற்றிய பேச்சாக யாரும் ஒதுக்க வேண்டாம், உயிர் சம்பந்தப்பட்ட பேச்சு இது. என் கோபமெல்லாம் அந்த வலிக்கு நாம் தேடுகிற வைத்தியத்தின் மேல்தான்.

முதலில் காசு செலவில்லாத காரியங்களைச் செய்யுங்கள். பங்கில் காற்றடிக்கும் பையன் "எவ்வளவு?" என்று கேட்டால், யோசிக்காமல் "நாப்பது அடிப்பா" என்கிறோம். சாதாரண 100 சிசி வண்டிக்கு முன் டயரில் 25, தனியாகப் போனால் பின் டயரில் 28 என்ற அளவில்தான் கம்பெனி சொல்லியிருக்கும். இரண்டு பேர் ஏறினால் பின்னால் மட்டும் கூட்ட வேண்டும். சரியான எண் செயின் கவரிலோ பின்சக்கரத்துக்குப் பக்கத்திலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது, வண்டியோடு தந்த கையேட்டிலும் இருக்கிறது. நாற்பது அடித்த டயர் கல்லுபோல ஆகிவிடும், ஒவ்வொரு குழியும் நேரே முதுகெலும்பில் இறங்கும். வலியில் பாதிக்கு இதுவே காரணம். சீட்டையும் ஷாக்கையும் திட்டிப் பயனில்லை.

அடுத்தது பின் ஷாக் அப்சார்பர். பெரும்பாலான வண்டிகளில் ஸ்பிரிங்கின் அடியில் படிப்படியாக வெட்டு இருக்கும். வண்டியோடு வந்த வளைந்த ஸ்பேனரால் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும் அல்லது தளரும். தனியாகப் போனால் தளர்ந்த நிலை, பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் இறுகிய நிலை. ஐந்து நிமிட வேலை. வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் அதிகம். ஹேண்டில்பாரையும் மாற்ற வேண்டியதில்லை. அதைப் பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, பாரைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்த்து, பிரேக், கிளட்ச் லீவர்களை முன்கையின் நேர்க்கோட்டில் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். லீவரைப் பிடிக்கையில் மணிக்கட்டு மடங்காமல் இருந்தால் விரல் மரத்துப்போவது குறையும். சீட்டில் ஸ்பாஞ்ச் அமுங்கிப்போயிருந்தால் நல்ல ஃபோம் வைத்துத் தைக்கச் சொல்லலாம். அடிச்சட்டத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள், தண்ணீர் குடியுங்கள். சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு நெடுந்தூரம் கிளம்பாதீர்கள். அவற்றில் பல தூக்கம் வரவைப்பவை. ஹெல்மெட் கழுத்தை இறுக்குகிறது என்று பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறவர் தன் தலை அளவுக்கு வாங்கவில்லை என்றுதான் அர்த்தம். கன்னத்தில் ஒட்டிப் பிடிக்க வேண்டும், நெற்றியில் அழுத்தக்கூடாது. ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்/எல் உரிம எண்ணும் இருக்கின்றனவா பாருங்கள். அந்த உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அசலா போலியா தெரிந்துவிடும். சாலையோரத்தில் குவித்து விற்கிற சரக்கில் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள்.

பின்னால் உட்கார்பவரைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 123 கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் வேண்டும் என்கிறது. நாம் சாரி கார்டு என்பது அந்தத் தடுப்பைத்தான். ஷோரூமிலிருந்து வண்டி வந்ததும் அழகு கெடுகிறது என்று பையன் முதலில் கழற்றுவது அதைத்தான். சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கிக் கழுத்தில் சுருக்கு விழுகிற விபத்து நம் ஊர்களில் புதிதா? கழற்றியதை எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, குழந்தைக்கு ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் இருக்கிறது. டேங்க் மேல் குழந்தை தூங்கிக்கொண்டு போவதை இன்னும் தினமும் பார்க்கிறேன்.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைவிட எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். அடிச்சட்டத்தை அறுத்து மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், கிளெய்மை மறுக்க நாமே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆர்.சி.யில் ஏறாத மாற்றம் உங்களுக்கு எதிரான சாட்சி.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே சைடு வீல் வண்டிகளுக்காகத்தான். கால் பாதித்தவர்களுக்கு அது வெறும் வண்டி இல்லை, வேலைக்கும் பள்ளிக்கும் போகிற காலே அதுதான். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாகத் தருகிறது. அரியலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை அல்லது யு.டி.ஐ.டி. அட்டை, ஆதார், குடும்ப அட்டை, போட்டோ ஆகியவற்றின் நகலோடு அசலையும் எடுத்துப் போங்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒப்புகை இல்லாத மனு அங்கே போய்ச் சேராத மனுதான்.

சொந்தமாக வாங்கி சக்கரம் பொருத்துகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அவர்களுக்குச் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. மற்ற மாற்றங்களுக்கு முன் அனுமதி வேண்டும். மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றினால், பொருத்திய பிறகும் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கலாம் என்று 52ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவித்துப் பதிவில் ஏற்ற வேண்டும். "பின்னால பார்த்துக்கலாம்" என்று பட்டறைக்காரர் சொன்ன வார்த்தையை நம்பி வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பதினான்கு நாள். தள்ளிப்போடாதீர்கள்.

டி.என். 61 வண்டி வைத்திருக்கும் கீழப்பழுவூர், திருமானூர்க்காரர்களுக்கு அரியலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். பெரம்பலூர் மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு டி.என். 46, பெரம்பலூர் அலுவலகம். எங்கே வாங்கினோம் என்பது கணக்கில்லை, எங்கே குடியிருக்கிறோம் என்பதுதான் கணக்கு. பரிவாஹன் தளத்தில் வாகன மாற்றம் என்ற பிரிவில் விண்ணப்பித்து, அதன் அச்சுப்படியோடு அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, சக்கரம் பொருத்தியதற்கான பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். வண்டியை நேரில் காட்ட வேண்டும், ஆய்வாளர் பார்த்துத்தான் ஒப்புதல் தருவார். தவணையில் வாங்கிய வண்டியென்றால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். இதை மறந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். சக்கர கிட் வாங்கும்போதே ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் அதற்கு உண்டா என்று கேட்டு, அந்தச் சான்றின் நகலை வாங்குங்கள். கடைக்காரர் தயங்கினால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

புது வண்டி வாங்கினால் பதிவு விண்ணப்பமான படிவம் 20-இல் உரிமை வகையை மாற்றுத்திறனாளி என்று குறிக்கச் சொல்லுங்கள். 2020 அக்டோபர் முதல் அந்தப் பகுதி இருக்கிறது. ஷோரூம்காரர் பழக்கத்தில் தனிநபர் என்று போட்டுவிடுவார், பிறகு சலுகைகளுக்கு அலைய வேண்டியிருக்கும். ஓட்டுநர் உரிமமும் மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வகை வண்டிக்கானதாக இருக்க வேண்டும்; பழைய டூவீலர் லைசென்ஸ் போதும் என்று இருந்துவிடாதீர்கள். இன்னொன்று: இந்த வகை வண்டியை அந்த மாற்றுத்திறனாளி ஓட்டலாம், அவருக்காக ஓட்டலாம், அவ்வளவுதான். மகன் அதை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகக்கூடாது. மூட்டுவலிக்காகச் சக்கரம் போட நினைக்கும் பெரியவர்களுக்கு, மாற்றுத்திறனாளி அட்டை இல்லையென்றால், இந்தச் சலுகையும் இல்லை. பொருத்தும் முன்பே அனுமதி கேட்க வேண்டும்.

சைடு வீல் வண்டியை ஓட்டும் விதமும் வேறு. இரு சக்கர வண்டி குழியை ஒரு கோட்டில் விலக்கிப் போகும். இதற்கு மூன்று கோடு, ஏதாவது ஒன்று குழியில் இறங்கியே தீரும். வளைவில் சாய முடியாது, கையால் ஹேண்டிலைத் திருப்பியாக வேண்டும், அதனால் தோள் சீக்கிரம் களைக்கும். வேகத்தில் திரும்பினால் வெளிப்பக்கம் தூக்கி எறியும். பக்கச் சக்கரங்களின் காற்றையும், அவற்றைத் தாங்கும் கம்பியில் விரிசல் விழுந்திருக்கிறதா என்பதையும் நீண்ட பயணத்துக்கு முன் பாருங்கள்.

தண்டுவடம் பாதித்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்கு சீட் அழுத்தும் வலி தெரியாது. மற்றவர்களை எச்சரிக்கும் அந்த வலி இவர்களிடம் வாய் திறக்காது. ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் ரத்த ஓட்டம் நின்று படுக்கைப்புண் வரும்; ஆற மாதக்கணக்கில் ஆகும், கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து. பதினைந்து நிமிடத்துக்கு, மிஞ்சிப்போனால் அரை மணிக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி, கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குங்கள். வெயிலில் நின்ற சீட்டில் அப்படியே உட்காராதீர்கள், சுட்டது தெரியாது. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வைத்தோ வீட்டாரைக் கேட்டோ பின்பக்கம் சிவந்திருக்கிறதா பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் மறுநாள் வண்டியில் ஏறக்கூடாது.

வழியில் உங்களுக்கு உரிமையும் இருக்கிறது. பெட்ரோல் பங்குகளில் இலவசக் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி, புகார்ப் புத்தகம் இருந்தாக வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் விதித்த ஒழுங்கு. "மெஷின் ரிப்பேர்", "சாவி இல்லம்மா" என்ற பதில்களைக் கேட்டுக்கொண்டு பெண்கள் தண்ணீர் குடிக்காமலே தஞ்சாவூர் வரை போகிறார்கள். புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள், தேதி போட்டு எழுதுங்கள். புத்தகமே இல்லையென்றால் அங்கே எழுதி வைத்திருக்கும் நிறுவன எண்ணுக்கோ 1915 நுகர்வோர் எண்ணுக்கோ சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலைக் குழிக்கும் அடையாளமில்லாத வேகத்தடைக்கும் 1033. மாநிலச் சாலைக்கு முதல்வரின் உதவி எண் 1100. ஊருக்குள் டீக்கடையில் நெடுஞ்சாலைத்துறையைத் திட்டுவதால் ஒரு குழியும் மூடப்படுவதில்லை, பதிவு எண் உள்ள புகார்தான் அதிகாரியின் மேஜையில் நிற்கும்.

ஊன்றுகோலோடு வருபவரை "ஆபீசர் கேம்ப் போயிட்டார், நாளைக்கு வாங்க" என்று மூன்று முறை திருப்பி அனுப்புகிற அலுவலகங்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. மனுவை ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒப்புகை நகலை இணைத்துக் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் சென்னையில் இருக்கும் மாநில ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேஜையில் இருந்தது என்று தகவல் கேளுங்கள். 30 நாளுக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும்.