லூகரின் முழங்கால்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பழைய போர்ப் படங்களில் ஜெர்மன் அதிகாரி கையில் ஒரு துப்பாக்கி வருமே, சுட்டதும் அதன் முதுகில் ஏதோ மடங்கி எழும்புமே, அது என்ன? அதில் ஒன்று பத்து லட்சம் டாலருக்கு விற்றதாக ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?”

துப்பாக்கியின் பெயர் லூகர். பத்து லட்சம் டாலர் சமாச்சாரத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதில் கொஞ்சம் காற்றை இறக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்தது அவர் போகிற போக்கில் சொன்ன ‘மடங்கி எழும்புமே’தான். அது ஏன் மடங்குகிறது? அதைவிட, சுட்ட கணத்திலேயே மடங்கிவிடாமல் ஏன் ஒரு நொடித்துளி பொறுத்துக்கொள்கிறது?

பொறுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 9 மி.மீ. தோட்டாவுக்குள் மருந்து எரியும்போது அழுத்தம் உச்சத்தில் காற்றழுத்தத்தைப்போல இரண்டாயிரம் மடங்கைத் தாண்டலாம். தோட்டா உறையின் உள்ளடி சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் சிறியது. இரண்டையும் பெருக்கினால் ஒரு டன்னுக்கு மேல் வருகிறது. ஒரு சின்னக் காரைத் தூக்கி நகத்தின்மேல் நிறுத்தியதுபோல. அந்த விசை குண்டை முன்னால் தள்ளும் அதே நேரத்தில் உறையைப் பின்னாலும் தள்ளுகிறது. குண்டு குழலைவிட்டுப் போவதற்குள் உறை வெளியே வந்துவிட்டால், அதன் மெல்லிய பித்தளைச் சுவர் வெடித்துக் கொதிவாயு சுடுபவரின் முகத்துக்கே வரும். ஆகவே பின்கதவு சாத்தியிருக்க வேண்டும். ஆனால் சாத்தியே இருந்தால் அடுத்த தோட்டா எப்படி ஏறும்? குண்டு வெளியேறியதும் கதவு தானாகத் திறக்க வேண்டும், காலி உறையை வெளியே எறிய வேண்டும், புதுத் தோட்டாவை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி சாத்திக்கொள்ள வேண்டும். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரமோ சுமார் அரை மில்லி விநாடி. இந்தக் கதவுக்கு யார் தாழ்ப்பாள் போடுவது, யார் எடுப்பது?

வலுக்குறைந்த தோட்டாவுக்குக் கதவைக் கனமாகச் செய்துவிட்டால் போதும். சோம்பேறியைப்போல மெதுவாகத்தான் கிளம்பும், அதற்குள் குண்டு போய்விடும். வலுவான தோட்டாவுக்கு அந்தச் சோம்பேறித்தனம் போதாது. நிஜமான பூட்டு வேண்டும்.

லூகர் அதற்கு முழங்காலைக் கடன் வாங்கியது. இது என் உவமை என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மன்காரர்களே இந்தப் பூட்டை ‘முழங்கால் மூட்டு’ என்றுதான் சொல்கிறார்கள். பள்ளியில் காலைப் பிரேயரில் விறைப்பாக நிற்கும்போது, பின்வரிசைப் பையன் தன் முட்டியால் நம் முழங்காலின் பின்பக்கம் லேசாக ஒரு தட்டுத் தட்டுவானே, அது நினைவிருக்கிறதா? அதுவரை மூட்டை தூக்கினாலும் அசையாத கால், அந்தத் தட்டில் சரேலென்று மடங்கிவிடும். கால் நேராக இருக்கும்போது எடை முழுதும் எலும்பு வழியாகவே தரைக்கு இறங்கிவிடுகிறது, மூட்டை மடக்க அதில் எதுவும் மிச்சமில்லை. நேர்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகிவிட்டால் அதே எடைதான் காலை மடக்குகிறது.

இந்தக் காலைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்தால் லூகர். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பின்கதவு. தோட்டாவின் அடியில் அது முட்டிக்கொண்டு நிற்கிறது. தொடையும் கணைக்காலும்போல இரண்டு எஃகுத் துண்டுகள். பாதம், குழலோடு சேர்ந்த சட்டத்தின் பின்கோடியில் ஓர் ஊசியில் மாட்டப்பட்டிருக்கிறது. நடுவில் முட்டி. அது இரு முனைகளையும் சேர்க்கும் கோட்டுக்கு மயிரிழை கீழே உட்கார்ந்திருப்பதில்தான் சூட்சுமம். தோட்டா பின்னால் தள்ளத் தள்ள முட்டி இன்னும் கீழேதான் போகப் பார்க்கும். கீழே போக இடமில்லை, எஃகு தடுக்கிறது. எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு இறுக்கம்.

நம்பிக்கை வராதவர்கள் இரண்டு ஐஸ்குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். துளைக்குத் துளை 5 செ.மீ. இருக்கும்படி குண்டூசியால் இணைத்து, மேசையில் நேராகப் படுக்கவையுங்கள். ஒரு முனை சுவரில் முட்டட்டும், மறுமுனையில் ஒரு கனத்த புத்தகம். மூட்டுக்கு ஒரு பக்கம் அளவுகோலை நகராமல் வைத்து, மூட்டை அந்தப் பக்கம் மிகமிக லேசாகச் சாய்த்து அதில் அணையுங்கள். இப்போது புத்தகத்தைத் தள்ளினால், குச்சி முறியுமே தவிர மடங்காது. ஒரு விரலால் மூட்டை மறுபக்கம் தட்டிவிட்டுத் தள்ளுங்கள். பிரேயர் மைதானம் கண்முன் வரும்.

இன்னொன்றையும் அளந்து பாருங்கள். மூட்டை நேர்கோட்டிலிருந்து 5 மி.மீ. தூக்கினால் முனைகளுக்கு இடையே உள்ள தூரம் அரை மில்லிமீட்டர்தான் குறைகிறது. 3 செ.மீ. தூக்கினால் 2 செ.மீ. குறைகிறது, பத்தாம் வகுப்பு பிதாகரஸ், 3-4-5 முக்கோணம். அதாவது இந்தக் கதவு முதலில் கொஞ்சமாக, நிறையப் பலத்தோடு திறக்கிறது, அப்புறம்தான் வேகமெடுக்கிறது. அழுத்தத்தில் விரிந்து குழலின் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் உறையைக் கழற்ற இதைவிடப் பதமான வழி இல்லை. ஊறுகாய் ஜாடி மூடியை முதலில் அழுத்தித் திருகி, பிறகு சுழற்றி எடுக்கிறோமே, அதே கை.

சரி, பின்வரிசைப் பையன் யார்? இங்கேதான் லூகர் பிரேயரிலிருந்து விலகுகிறது. பையன் நம்மிடம் வருவதில்லை, வரிசையே பின்னால் நகர்ந்துபோய்ப் பையனிடம் மோதிக்கொள்கிறது. சுட்டதும் குழல், சட்டம், பூட்டிய முழங்கால் எல்லாம் ஒரே கட்டாகப் பின்னுதைப்பில் நகர்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வந்ததும், முட்டியின் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் வட்டக் குமிழ்கள் உடற்பகுதியில் உள்ள சரிவில் ஏறுகின்றன. முட்டி கோட்டைத் தாண்டி மேலே எழும்புகிறது. மீதி எல்லாம் வேகத்தின் உபயம்.

அதற்குள் குண்டு போயிருக்குமா? குண்டு 8 கிராம். பின்னால் நகரும் பாகங்கள் எல்லாம் சேர்ந்து அரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். உந்தம் இரு பக்கமும் சமம் என்பதால், குண்டு 10 செ.மீ. குழலைக் கடந்து முடிக்கும்போது இவை நகர்ந்திருப்பது ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். பையன் இன்னும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறான். கடிகாரமும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லாமல், வெறும் எடையையும் தூரத்தையும் வைத்தே நேரம் குறித்திருக்கிறார்கள்.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். முழங்கால் என்றால் முழங்கால் வலியும் உண்டு. வலு குறைந்த தோட்டா போட்டால் முட்டி முழுக்க மடங்காமல் பாதியில் நின்றுவிடும். படியேறத் தெம்பில்லாத தாத்தா மாதிரி. மற்ற துப்பாக்கிகள் மூட்டு நோவை உள்ளுக்குள் மறைத்துக்கொள்ளும். லூகரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நிற்கிற ஆள், முட்டி முழுக்க வெளியே தெரியும். அகழிப் போரின் மண்ணும் சகதியும் நேரே அங்கேதான் போய் உட்கார்ந்தன.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. இந்த மூட்டை முதலில் பெரிய அளவில் வேலைக்கு வைத்தவர் ஹைரம் மேக்சிம், தன் இயந்திரத் துப்பாக்கியில். ஹ்யூகோ போர்ஷார்ட் அதைக் கைத்துப்பாக்கிக்குள் 1893-ல் கொண்டுவந்தார். பின்புறம் பெரிதாகத் தொங்கும் அந்த வடிவம் ஏறக்குறைய 3,000 செய்யப்பட்டதோடு நின்றது. போர்ஷார்டின் நிறுவனத்திலேயே இருந்த ஆஸ்திரியர் கெயோர்க் லூகர் அதை இளைக்க வைத்தார். சுவிட்சர்லாந்து 1900-லும், ஜெர்மன் கடற்படை 1904-லும், தரைப்படை 1908-லும் எடுத்துக்கொண்டன. கடைசல் வேலையும் கைவேலையும் அதிகம், செலவும் அதிகம் என்பதால் 1938-ல் வால்தரின் பி.38 வந்து, மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்தது. உலகம் பிறகு ஜான் பிரௌனிங்கின் சாயும் குழல் பூட்டுக்கு மாறிவிட்டது. லூகருக்காக 1902-ல் பிறந்த 9 மி.மீ. தோட்டா மட்டும் இன்றும் உலகெங்கும் ஓடுகிறது.

இப்போது சேகரிப்பாளர்களிடம் வருவோம். இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்க வீரர்கள் நினைவுப் பொருளாக மூட்டையில் கட்டிக்கொண்டு போனதால், இன்று லூகர் சந்தை பெரும்பாலும் அமெரிக்காவில்தான். அங்கே முதல் கேள்வி ‘எண் ஒத்துப்போகிறதா?’ லூகரின் சின்னஞ்சிறு பாகங்களில்கூட அந்தத் துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். ஒரு பாகத்தை எடுத்து இன்னொன்றில் போட்டால் சரியாக உட்காராது என்பதால், பட்டறையில் கலந்துவிடாமலிருக்க வைத்த அடையாளம் அது. நம்மூர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதுபோல. தொழிற்சாலையின் அன்றைய தலைவலி இன்று பல நூறு டாலர் மதிப்பாகிவிட்டது. எண்ணை அழித்துப் புதிதாகக் குத்துகிற கைகாரர்களும் கூடவே கிளம்பிவிட்டார்கள்.

பளபளப்பாக்கினால் விலை இறங்கும் என்பது இன்னொரு விநோதம். 1930-களின் பிற்பகுதிக்கு முந்தைய லூகரில் சுடும் விசை, பாதுகாப்பு நெம்புகோல் போன்ற சில பாகங்கள் வைக்கோல் மஞ்சளாக இருக்கும். அது சாயமில்லை. எஃகை 200 டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கும்போது மேலே படியும் ஆக்சைடுப் படலம்தான் ஒளியில் அந்த நிறத்தைக் காட்டுகிறது, சோப்புக் குமிழியில் வண்ணம் தெரிவதுபோல. துணியால் தேய்த்துத் தேய்த்து அந்தப் படலத்தைக் கரைத்தவர்கள் உண்டு. அது போனால் போனதுதான்.

அடுத்தது பெயர் சூட்டு விழா. 1941, 1942-ல் மௌசர் நிறுவனம் செய்த, கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி கொண்ட லூகர்களைக் ‘கறுப்பு விதவை’ என்று பரபரப்பாக விற்கிறார்கள். ஜெர்மன் ராணுவத்தில் அப்படி ஒரு பெயர் கிடையாது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து அமெரிக்க வியாபாரி ஒருவர் வைத்த விற்பனைப் பெயர். போர்க்காலத்துப் பிளாஸ்டிக்குக்குச் சிலந்தியின் பெயர், சிலந்திக்குத் தனி விலை.

அந்தப் பத்து லட்சம் டாலர் இதுதான்: 1907-ல் அமெரிக்க ராணுவம் புதுக் கைத்துப்பாக்கி தேடியபோது, அவர்கள் கேட்ட .45 அளவில் லூகர் சில மாதிரிகள் செய்து தந்தார். பிறகு ஜெர்மன்காரர்கள் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்கள், வென்றது கோல்ட் நிறுவனம். தப்பிப் பிழைத்த அந்த மாதிரிகளில் ஒன்று 1989-ல் பத்து லட்சம் டாலருக்குக் கைமாறியது, உண்மை. அதே துப்பாக்கி 2010-ல் ஏலத்துக்கு வந்தபோது சுமார் 4,94,500 டாலருக்குத்தான் போனது. காணொளிக்காரர் 1989-லேயே நின்றுவிட்டார்.

வாசகர் தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கவில்லை. ஒருவேளை கேட்டால்: அமெரிக்கச் சட்டத்தில் 1898 வரை செய்தவை தொல்பொருள், 50 ஆண்டு தாண்டியவை அரும்பொருள் என்று தனித் தனிச் சலுகைகள் உண்டு. இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை, தாத்தா காலத்துப் பெட்டியில் கிடந்தாலும் உரிமமில்லாமல் வைத்திருப்பது குற்றம். ஐஸ்குச்சி லூகர்தான் நமக்குக் கட்டுப்படி. துளையை முனையிலிருந்து அரை சென்டிமீட்டராவது தள்ளிப் போடுங்கள். என் முதல் ஜோடி ஓரத்தில் துளையிட்டதால் புத்தகத்தைத் தள்ளியவுடனே பிளந்துவிட்டது.