உங்களுக்குத் தெரியுமா? கறுப்புக் கோட்டும் பாலாற்று வழக்கும்

● நாட்றம்பள்ளிக்காரர் பஸ் ஏறி வாணியம்பாடி கோர்ட்டில் போய்ப் பார்க்கும் வக்கீலும், டெல்லியில் எழுந்து நின்று பேச லட்சக்கணக்கில் வாங்கும் வக்கீலும் ஒரே சட்டத்தின் கீழ் பதிவு செய்தவர்கள்தான். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் வருவதற்கு முன்பு வக்கீல், பிளீடர், முக்தியார், அட்டர்னி, பாரிஸ்டர் என்று ஏகப்பட்ட தட்டுகள். சீமைக்குக் கப்பலேறிப் படித்துவிட்டு வந்த பாரிஸ்டருக்குத் தனி மவுசு. இன்று இரண்டே வகை: அட்வகேட், சீனியர் அட்வகேட். 'சிவில் வக்கீல்', 'கிரிமினல் வக்கீல்', 'ஆக்சிடென்ட் வக்கீல்' எல்லாம் அவரவர் அதிகம் எடுக்கும் கேஸை வைத்து நாம் சூட்டிய பெயர்கள். பதிவுச் சான்றிதழில் அப்படி எதுவும் இருக்காது.

● தலை நரைத்தால் சீனியர் ஆகிவிட முடியாது. அது உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ வழங்கும் தகுதி. கிடைத்த பிறகு கட்டுப்பாடும் கூடவே வரும். சீனியர் அட்வகேட் வக்காலத்து தாக்கல் செய்யக் கூடாது. கட்சிக்காரரிடம் நேரடியாகக் கேஸ் வாங்கக் கூடாது. இன்னொரு வக்கீல் மூலமாகத்தான் அவரை அமர்த்த முடியும்.

● உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்ய 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' என்ற தனிப் பதிவு வேண்டும். 4 ஆண்டு தொழில் அனுபவம், ஓராண்டு பயிற்சி, அதன்மேல் ஒரு பரீட்சை. அலுவலகம் உச்ச நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். "சுப்ரீம் கோர்ட்டில் நானே போட்டுத் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால், தாக்கல் செய்யப்போகிற அட்வகேட் ஆன் ரெக்கார்டு யார் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

● இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எந்த மாணவரும் வேலூர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் காரணம். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றிலும் வயலிலும் கலப்பதை எதிர்த்து, அரசியலமைப்பின் 32-ஆவது பிரிவின் கீழ் நேராக டெல்லிக்கே போன பொதுநல வழக்கு அது. மன்றத்துக்காக வாதாடியவர் எம்.சி.மேத்தா. தீர்ப்பு வழங்கிய அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி குல்தீப் சிங். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பாழானதாகத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தோல் ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி வருவதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதற்காக மண்ணையும் குடிநீரையும் கெடுக்க உரிமை கிடையாது என்றது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம் விதித்தது. மேத்தாவின் வழக்குச் செலவுக்கு ரூ.50,000 தரும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது.

மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும். கேடு வரும் என்று தெரிந்தால் முழு ஆதாரத்துக்காகக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். இந்த இரண்டும் இந்த நாட்டின் சட்டத்தில் அடக்கம் என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. நாடாளுமன்றம் வரி வரியாக எழுதிவைக்காததை நீதிபதிகள் தீர்ப்பின் வழியே நிலைநாட்டுவது ஆங்கிலேயரிடமிருந்து வந்த 'காமன் லா' முறையின் அடையாளம். உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141-ஆவது பிரிவு. தேர்வுக்குப் பதில் எழுத இது போதும். பாலாற்றங்கரைக்காரருக்குப் போதுமா? 2001-ல் சுமார் 29,000 பேருக்கு இழப்பீடு நிர்ணயமானது. 2025 ஜனவரி 30 அன்று, அதாவது 24 ஆண்டுகள் கழித்து, பாக்கியிருப்பவர்களுக்கு ஆறு வாரத்தில் அரசே கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பு வாங்குவது ஒரு வேலை. அதை நிறைவேற்ற வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்குத்தான் வாய்தா அதிகம்.

● ஆங்கிலேயர் வழி வராத சட்டமும் நம் பக்கத்திலேயே உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று இந்துச் சட்டத்தைத் துறந்தவர்களின் வாரிசுகளுக்குக் குடும்ப விவகாரங்களில் இன்றும் பழைய பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்புதான்.

● ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று வக்கீல் ஃபீஸ் பேசக் கூடாது என்கின்றன பார் கவுன்சில் விதிகள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களுக்கு இது முக்கியம். விபத்து நடந்த வீட்டுக்கு உறவினருக்கு முன்பே புரோக்கர் வந்து நிற்பதும், நஷ்டஈட்டில் பங்கு பேசுவதும் நாம் அறியாததல்ல. விபத்து எங்கே நடந்திருந்தாலும், பாதிக்கப்பட்டவர் தாம் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். 2022 ஏப்ரல் முதல் 6 மாதக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

● ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைத் தர மறுக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000-த்திலேயே சொல்லிவிட்டது. பாக்கியை அவர் தனியாக வசூலிக்கலாம். கட்டைப் பிடித்துவைக்க முடியாது. அதேபோல, வக்கீல் சரியாக வாதாடவில்லை என்று நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக நமக்கும் வழியில்லை. 2024 மே 14 தீர்ப்பு அது. புகாரைப் பார் கவுன்சிலுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

● போலீஸ் குற்ற வழக்கு பதிந்தால், புகார் கொடுத்தவர் காசு கொடுத்து வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞர் நடத்துவார். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் உதவி அரசு வழக்கறிஞர் (ஏ.பி.பி.), செஷன்ஸ் கோர்ட்டில் அரசு வழக்கறிஞர் (பி.பி.). முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். யாருக்கும் 'டீ செலவு' தர வேண்டாம்.

● எல்லா இடத்திலும் வக்கீல் வேண்டும் என்பதும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே பேசலாம். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீலை அழைத்து வருவது உரிமையல்ல, நீதிபதியின் அனுமதி. தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பும் சம்மதித்தால்தான் வக்கீல் நுழைய முடியும் என்று 1947-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பெரிய வக்கீலை நிறுத்தி முதலாளி மிரட்டிவிடக் கூடாதே என்ற நினைப்பு.

● கறுப்புக் கவுன் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான் கட்டாயம். கீழமை நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டும் கட்டாயமில்லை. வேலூர் வெயிலில் அதையும் மாட்டிக்கொண்டு வருகிறவர்களைத் தியாகிகள் என்றே சொல்ல வேண்டும்.

● சாதி, மதம் அற்றவர் என்று அரசுச் சான்றிதழை நாட்டிலேயே முதலில் வாங்கியவர் என அறியப்படும் ம.ஆ.சிநேகா, திருப்பத்தூர் வழக்கறிஞர். சான்றிதழைத் தந்ததும் திருப்பத்தூர் வட்டாட்சியர்தான், 2019 பிப்ரவரியில். அவர் விண்ணப்பித்தது 2010-ல்.

● இங்கிலாந்தில் கோர்ட்டில் வாதாடும் பாரிஸ்டர் வேறு, கட்சிக்காரரைச் சந்தித்து ஆவணம் தயாரிக்கும் சொலிசிட்டர் வேறு. மலேசியா, சிங்கப்பூரில் இரண்டும் ஒருவரே. இலங்கையிலும் 1970-களில் இரு பிரிவுகளை ஒன்றாக்கிவிட்டார்கள்.

● கடைசியாக, கையில் காசில்லாதவர்களுக்கு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். வருமான வரம்பு கேட்க மாட்டார்கள். அந்தப் பட்டியலில் 'தொழிற்சாலைத் தொழிலாளி' என்றும் ஒரு வரி இருக்கிறது. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரும், தோல் ஷாப்பில் டிரம் அருகே நிற்பவரும் அதில் அடக்கம். மக்கள் நீதிமன்றத்தில் வழக்கு முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது, யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள். வக்கீல் கேட்டு மனு கொடுக்க வட்ட சட்டப் பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். போனில் கேட்க 15100. கட்டணமில்லாத எண். ஷிப்ட் முடிந்து வரும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.