நிரல்மொழி வழியே சொற்பொருள்

அறக்கொடை ஆவணம் ஒன்றில், 'ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஏழை மாணவனுக்கு உதவித்தொகை வழங்குக' என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஆண்டுதோறும் புதிதாக ஒருவனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டுமா? அன்றி, ஒருமுறை தேர்ந்தெடுத்தவனுக்கே ஆண்டுதோறும் வழங்குதல் வேண்டுமா? எழுதியவர் மறைந்த பின்னர் இவ்வினா எழுமாயின், ஒரு பிள்ளையின் படிப்பே அதன் விடையைப் பொறுத்து அமையும். தொடரில் அருஞ்சொல் ஒன்றும் இல்லை. அகராதி இங்கே உதவாது. எச்சொல் முதலில் பொருள் கொள்ளப்படுகிறது என்பதிலேயே ஐயம் உள்ளது.

2 + 3 × 4 என்னும் கணக்கிலும் இந்நிலையே. பெருக்கலை முதலில் செய்தால் 14. கூட்டலை முதலில் செய்தால் 20. ஆதலின் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் எச்செயல் முந்துவது, எது பிந்துவது என்பதை ஐயமற வரையறுத்துக் கொள்கின்றனர். (செய்முறை ஒழுங்கைக் குறிக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை மாணவர் அறிதல் நன்று.) நிரல்மொழிக்கென வளர்ந்த இக்கருத்துகளை மக்கள் பேசும் இயல்மொழிக்கும் பொருத்திப் பார்ப்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்கு வித்திட்டவர்கள் அளவையியலார். அலோன்சோ சர்ச் 1930-களில் வகுத்த லாம்டா கணிதம் பின்னாளில் நிரல்மொழிகள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று. அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு மாண்டேகு 1970-இல் அதனையே ஆங்கிலத் தொடர்களின் பொருளை விளக்கக் கையாண்டார். 'படித்தான்' என்னும் வினையை எண்ணுக. அது வெற்றிடம் இரண்டுடைய ஒரு சார்பு போன்றது. யார், எதை என்னும் இடங்களை நிரப்பியவுடன் மெய் அல்லது பொய் என்னும் விடை கிடைக்கிறது.

எனினும், தொடரின் பணி மெய், பொய் என்ற விடையோடு முடிந்துவிடுவதில்லை. 'ஒரு மாணவர் வந்தார். அவர் நூல் கேட்டார்' என்பது நமக்கு இயல்பாகப் படுகிறது. 'மாணவர் எவரும் வரவில்லை. அவர் நூல் கேட்டார்' என்றால் திகைக்கிறோம். 'அவர்' யாரைச் சுட்டும்? நிரலில் மாறி ஒன்றுக்கு மதிப்புத் தந்தால், பின்வரும் கட்டளைகள் அதனை எடுத்தாளலாம். உட்பகுதி ஒன்றுக்குள் மட்டும் அறிவிக்கப்பட்ட மாறியோ அப்பகுதிக்கு வெளியே செல்லாது. 'அவர்' என்னும் சுட்டுப்பெயர் ஏறக்குறைய அத்தகைய மாறியே. ஒரு தொடர் கேட்போர் உள்ளத்து நிலையை மாற்றுகிறது என்றும், அம்மாற்றமே அதன் பொருள் என்றும் கொள்ளும் இக்கொள்கையை, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூனண்டைக், ஸ்டாக்கோஃப் இருவரும் 1991-இல் முறையாக வகுத்தளித்தனர்.

இனி நம் ஆவணத்துக்கு வருவோம். நிரல் இயங்கும்போது, எந்த இடத்திலும் 'இனிச் செய்ய வேண்டிய எஞ்சிய பகுதி' என ஒன்று உண்டு. நிரல்மொழியார் அதனைத் தொடர்ச்சி என்பர். அதனை ஒரு பொருளாகவே கையில் எடுத்து, வேண்டுமளவு திரும்பத் திரும்ப இயக்கவும் இயலும். 'ஒவ்வோர்', 'எல்லா' போன்ற அளவைச் சொற்கள் இதனையே செய்கின்றன என்று கிறிஸ் பார்க்கர் 2002-இல் எடுத்துரைத்தார். சுங்-சியே ஷான் 2005-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வேட்டில் இக்கருத்தை விரித்தார். 2014-இல் இருவரும் இணைந்து நூலாகவும் வெளியிட்டனர். 'ஒவ்வோர் ஆண்டும்' என்பது எஞ்சிய தொடரை முதலில் கைக்கொண்டால், ஆண்டுக்கு ஒருவனாக மாணவன் மாறலாம். 'ஓர் ஏழை மாணவன்' முந்திக்கொண்டால் ஒருவனே நிலைக்கிறான். 'எல்லா மாணவரும் தேர்ச்சி பெறவில்லை' என்னும் தொடரும் அவ்வாறே. எதிர்மறை முந்தினால் சிலர் தேறியிருக்கலாம்; 'எல்லா' முந்தினால் ஒருவரும் தேறவில்லை. பிள்ளையின் தேர்வு முடிவை எதிர்நோக்கும் தந்தைக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இக்கொள்கை இரு பொருளையும் பிரித்துக் காட்டுமே ஒழிய, கொடையாளர் கருதியது எது என்று சொல்லாது. அதற்கு அவர் வாழ்ந்த சூழலையும் ஆவணத்தின் பிற பகுதிகளையும் நாடுதல் வேண்டும். கணிப்பொறியே பொருளைக் கண்டுவிடும் என்று மயங்குவோர்க்கு இதனைச் சொல்ல வேண்டியுள்ளது.

தமிழில் இவ்வாய்வுக்கு இடம் மிகுதி. நம் இலக்கண நூலார் உம்மைக்கு எண், முற்று, எதிர்மறை, எச்சம் முதலாக எட்டுப் பொருள் கண்டனர். 'அவனும் இவனும்' என்பதில் எண்ணும்மை. 'எல்லாரும்' என்பதில் முற்றும்மை. 'யார்' என்னும் வினாச்சொல்லும் உம்மை பெற்று 'யாரும்' ஆகி, 'யாரும் வரவில்லை' என எதிர்மறை வினையோடு முடிகிறது; அதே சொல் ஓகாரம் பெற்று 'யாரோ' ஆனவுடன் அறியாத ஒருவரைச் சுட்டுகிறது. இவ்வெட்டும் தனித்தனிப் பொருள்களா, அன்றி ஒரே சார்பு வெவ்வேறு தொடர்ச்சிகளைக் கைக்கொள்வதால் விளைபவையா? இலக்கணமும் நிரல்மொழியும் ஒருங்கே பயிலும் மாணவர் எடுத்துக்கொள்ளத்தக்க ஆய்வுப்பொருள் இது.