கோடை உளுந்துக்கு உரமும் களையெடுப்பும்

மாசிப் பட்டத்தில் இறவையாக விதைக்கும் உளுந்தும் பாசிப்பயறும் எழுபது நாளுக்குள் களத்துக்கு வந்துவிடும். ஏக்கருக்குத் தழைச்சத்து 10 கிலோ, மணிச்சத்து 20, சாம்பல்சத்து 10 என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மூட்டைக் கணக்கில் யூரியா 22 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 125 கிலோ, பொட்டாஷ் 17 கிலோ, எல்லாமே அடியுரம். வயலில் நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். யூரியாவை அள்ளி இறைக்கிறார்கள். சூப்பர் பாஸ்பேட் கடையிலேயே கிடக்கிறது. பருப்பில் புரதம் சேரத் தேவையான கந்தகமும் அந்த மூட்டையில் 11 சதவீதம் உண்டு.

யூரியாவைக் குறைக்கச் சொல்வதன் காரணம் வேரில் இருக்கிறது. முப்பது நாள் செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்து, ஆணிவேரை ஒட்டிய முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபினின் நெருங்கிய உறவு. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்க ஒரு நொதியை வைத்திருக்கிறது. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். ஆக்சிஜன் இல்லாவிட்டாலோ பாக்டீரியாவால் சுவாசிக்க முடியாது. இந்தச் சிவப்புப் பொருள்தான் ரேஷன் கடையில் அளப்பதுபோல் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. முடிச்சின் உள்ளே வெள்ளையாக இருந்தால் வேலை நடக்கவில்லை. பச்சை என்றால் ஓய்ந்துவிட்டது. மண்ணில் தழைச்சத்து மிகுந்தால் செடி முடிச்சு வளர்ப்பதையே குறைத்துக்கொள்ளும். இலவசமாக வருவதைக் காசு கொடுத்துத் தடுப்பது என்ன விவசாயமோ!

ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்த வேண்டும். பூஞ்சாணக்கொல்லி கலப்பதானால் அதை ஒரு நாள் முந்தியே முடித்துவிடுவது நல்லது. பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டிஏபி கரைசல் தெளிக்கலாம். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்க வேண்டும். வண்டல் இறங்கினால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.

களைக்கு முதல் 30 நாள்தான் முக்கியம். பிறகு செடியே தரையை மூடிவிடும். விதைத்த மூன்று நாளுக்குள், ஈரம் இருக்கும்போதே பென்டிமெத்தலின் தெளித்து, 20–25ஆம் நாளில் ஒரு கைக்களை எடுத்தால் போதும். ஆள் கிடைக்காத ஊர்களில் இமாசிதாபிர் தெளிக்கிறார்கள். அது மண்ணில் தங்கக்கூடியது. அடுத்து வைக்கும் பயிரை யோசித்தே கையில் எடுக்க வேண்டும். முளைக்கும் விதையைத்தான் பென்டிமெத்தலின் அடக்கும், கோரைக்கிழங்கை ஒன்றும் செய்யாது. கோரை மண்டிய வயலில் விதைப்புக்கு முன்பே உழுது, கிழங்குகளைப் பொறுக்கி வெளியேற்றியாக வேண்டும்.