குறையைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள், டைட்டனை!

‘ஏழு டைட்டன்களில் எது பலசாலி?’

‘டைட்டன்ஃபால் 2’ ஆட வருகிற எவரும் முதலில் கேட்பது இதைத்தான். இந்தக் கேள்விக்கு நிலையான பதில் கிடையாது. நல்ல பதில் தரும் கேள்வி வேறொன்று இருக்கிறது: எந்த டைட்டனின் குறையை உங்களால் சமாளிக்க முடியும்?

அமெரிக்காவின் ரெஸ்பான் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் 2014-ல் முதல் ‘டைட்டன்ஃபால்’ கேமைக் கொண்டுவந்தது. இரண்டாம் பாகம் 2016 அக்டோபர் 28 அன்று வெளியானது. ஒரு வாரம் முன்பு ‘பேட்டில்ஃபீல்டு 1’, ஒரு வாரம் கழித்து புதிய ‘கால் ஆஃப் டியூட்டி’ என இரண்டு பெரிய கேம்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஆனாலும், ஆடிப் பார்த்தவர்கள் அதை எளிதில் கைவிடவில்லை. சுவரில் ஓடி, அந்தரத்தில் இன்னொரு முறை எம்பித் தாவும் பைலட்டும், அவர் அழைத்தால் வானிலிருந்து வந்து விழும் டைட்டன் எனும் ராட்சத ரோபோவும் ஒரே மேட்ச்சில் சேர்ந்து இயங்குவதுதான் அதற்குக் காரணம்.

மூன்று உடல்வாகு

வெளியானபோது இருந்தவை ஆறு டைட்டன்கள். 2017 மே மாதம் மோனார்க் ஏழாவதாகச் சேர்ந்தது. முதல் ஆறையும் உடல்வாகை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். நார்த்ஸ்டாரும் ரோனினும் ஒல்லியான ஸ்ட்ரைடர் வகை. வேகம் அதிகம், உயிர்ப்புள்ளி 7,500 மட்டுமே. அயானும் டோனும் நடுத்தர அட்லஸ் வகை, 10,000. ஸ்கார்ச்சும் லீஜியனும் கனத்த ஓகர் வகை, 12,500. உடல் கனக்கக் கனக்க அடியிலிருந்து விலகி ஓடுவது கடினமாகிறது. எனவே, உயிர்ப்புள்ளி கூடுதல் என்பதற்காக மட்டும் ஓகரை எடுப்பவர், திறந்தவெளியில் எல்லோருக்கும் சுலபமான இலக்காகிவிடுவார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை

அயானிடம் எல்லாத் தூரத்துக்கும் ஆயுதம் உண்டு. எதிரி சுடும் குண்டுகளைக் காற்றிலேயே பிடித்துத் திருப்பி வீசும் வோர்டெக்ஸ் கவசமும் உண்டு. ஆனால் கவசம், லேசர், கண்ணி மூன்றுக்கும் ஒரே ஆற்றல் சேமிப்புதான். சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவழித்தவரைப் போல, லேசரில் ஆற்றலைக் கொட்டிவிட்டவர் கவசம் தேவைப்படும் நேரத்தில் வெறுங்கையோடு நிற்பார்.

ஸ்கார்ச் நெருப்பின் ஆள். எரிவாயுப் பொறியை வீசி, அதன்மேல் தீச்சுவரை ஓடவிட்டால் குறுகலான தெருவே பற்றியெரியும். எட்டத்தில் நிற்பவரை அவ்வளவு எளிதில் அதனால் தொட முடியாது. நார்த்ஸ்டார் இதற்கு நேரெதிர். ‘ஹோம்ஸ்டெட்’ போன்ற விரிந்த மேப்பில் அதன் ரயில்கன்னுக்கு நிகரில்லை. ஆனால் ரோனின் வாளோடு அருகே வந்துவிட்டால் நார்த்ஸ்டாரின் கதை முடிந்தது. ரோனினுக்கோ அருகே வருவதுதான் சோதனை. வாளைக் குறுக்கே பிடித்து அடியைக் குறைப்பது, கணநேரம் கண்ணுக்கு மறைந்து இடம் மாறுவது இரண்டும் பழகாதவர் கையில் அது நிலைக்காது.

டோனின் பீரங்கிக் குண்டு மூன்று முறை பட்டால், ஏவுகணைகள் தாமாகவே இலக்கைத் தேடிச் செல்லும். சுவருக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து வருபவரிடம் அந்த மூன்றை எண்ணி முடிப்பதே பெரும்பாடு. லீஜியனின் பெருந்துப்பாக்கி சுழன்று வேகம் பிடித்த பிறகே சுடும். மோனார்க் ஒவ்வொரு முறை ‘கோர்’ எனும் சிறப்பு ஆற்றல் நிரம்பும்போதும் தன்னை மேம்படுத்திக்கொள்ளும். அதற்கு நெடுநேரம் உயிரோடு இருக்க வேண்டும்.

பேட்டரி எனும் பாடம்

முதல் பாகத்தில் டைட்டனின் கவசம் தானாகவே மீண்டும் நிரம்பியது. மறைந்து நின்று காத்திருந்தால் போதும். இரண்டாம் பாகத்தில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். கவசம் வேண்டுமா? எதிரி டைட்டனின் முதுகில் ஏறி பேட்டரியைப் பிடுங்கி வந்து நம் டைட்டனில் செருக வேண்டும். ஆடுபவர்களில் பலர் அப்போது இதை எதிர்த்தார்கள். எனக்கு இது இந்தக் கேமின் மிகச் சிறந்த முடிவு. டைட்டன் இல்லாத பைலட்டும் அணிக்கு உயிர் கொடுக்கிறார். உங்கள் பேட்டரியைப் பக்கத்தில் போராடும் தோழரின் டைட்டனுக்கும் தரலாம். சரியான நேரத்தில் அப்படிக் கொடுத்த ஒரு பேட்டரி ஆட்டத்தையே திருப்பிவிடும்.

அதனால், தேர்வு செய்யும்போது அணியையும் பாருங்கள். தூரத்திலிருந்து அடிக்க ஏற்கெனவே இருவர் இருந்தால், முன்னே நின்று வழியை அடைக்க ஒருவர் தேவை. ஒருமுறை வீழ்ந்தால் மறுபிறப்பு இல்லாத ‘லாஸ்ட் டைட்டன் ஸ்டாண்டிங்’ மோடில், தனியாக முன்னேறும் டைட்டன் எதுவானாலும் முதலில் விழும். உயிர்ப்புள்ளி தீர்ந்து தீப்பொறி பறக்கும் நிலை வந்தாலும் பதறாதீர்கள். அந்தக் கட்டத்திலும் சுடலாம். எதிரி நெருங்கி வந்து உங்களைப் பிய்த்தெறியும் முன்பு வெளியே குதித்துவிடுங்கள். மற்ற மோடுகளில் பைலட் தப்பினால் அடுத்த டைட்டனை நோக்கி மீண்டும் ஓடலாம்.

முதல்முறை ஆடுபவர் அயானிலோ டோனிலோ தொடங்கலாம். இரண்டும் நடுத்தரம், தவறுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கை பழகியதும் அங்கேயே நின்றுவிடாமல் ஏழையும் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காத டைட்டனில் கழிக்கும் நேரமும் வீணல்ல. ஸ்கார்ச்சில் அமர்ந்து எட்டாத எதிரியைப் பார்த்துத் தவித்தவருக்குத்தான், அடுத்த மேட்ச்சில் எதிரே ஸ்கார்ச் வரும்போது எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது தெரியும்.