விரற்கடை நீர் (ஈரநிலமும் ஒளிப்படமும் – 9)

ஃப்ளோரிடா மாநிலத்தின் ஓகீச்சோபீ ஏரிக்குத் தெற்கே தொடங்கிக் கடல்வரை விரிந்துகிடக்கும் எவர்கிளேட்ஸ், துணை வெப்பமண்டல ஈரநிலங்களுள் உலகப் புகழ் பெற்றது. துணை வெப்பமண்டலம் என்பது கடக ரேகைக்குச் சற்று வடக்கே, உறைபனி எப்போதாவது மட்டுமே எட்டிப்பார்க்கும், ஆயினும் குளிர்காலம் தனியாகத் தெரியும் காலநிலைப் பகுதியைக் குறிக்கும். இதன் தென்பகுதி 1947 டிசம்பரில் தேசியப் பூங்காவாக முறைப்படி திறக்கப்பட்டு, 1979-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மலையோ அருவியோ பள்ளத்தாக்கோ இங்கு இல்லை. பூங்காவுக்குள் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை மீட்டர்தான். அகல லென்ஸும் கையுமாக வந்து இறங்குபவருக்கு வானமும் கோரையும் தவிர வேறெதுவும் முதலில் புலப்படாமல் போவதில் வியப்பில்லை.

ஆனால் இந்தத் தட்டை நிலத்தில் உயரம் விரற்கடைக் கணக்கில் வேலை செய்கிறது. சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்பு இரண்டு சாண் உயர்ந்த இடத்தில் வெள்ளம் எட்டாத வன்மரத் திட்டு உருவாகிறது. சற்றுத் தாழ்ந்த இடத்தில் ரம்பப் பல் போன்ற இலைவிளிம்பு கொண்ட கோரை வகை பரவுகிறது. இன்னும் தாழ்ந்து நீர் நெடுநாள் தேங்கும் குழிவில், குளிரில் இலையுதிர்க்கும் சைப்ரஸ் மரங்கள் அடர்கின்றன. தெற்கு நோக்கிக் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில், பல பத்துக் கிலோமீட்டர் அகலத்துக்கு மெல்லிய படலமாக நகரும் நீரே இவை அனைத்தையும் இணைக்கிறது. எனவே இங்கு ஒளிப்படம் எடுக்கச் செல்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கேமராவைப் பற்றியதன்று, அந்த மாதத்தில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பற்றியதே.

ஆண்டு இங்கே இரண்டாகப் பிளக்கிறது. ஏறக்குறைய மே முதல் அக்டோபர் முடிய மழைக்காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறட்சிக்காலம். விலங்குகளையும் பறவைகளையும் நெருங்கிப் படமெடுக்க ஏற்றது பின்னது. காட்டுப்பூக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏற்றது முன்னது. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வருபவர் இரண்டிலும் பாதிப் பாதியாகவே திரும்புவர்.

வறட்சிக்காலத்தில் நிகழ்வது இதுதான்: நீர் வடிய வடிய, மழைக்காலத்தில் பரந்த பரப்பெங்கும் சிதறியிருந்த சிறுமீன்கள் எஞ்சிய குட்டைகளில் வந்து நெருக்கியடிக்கின்றன. இக்குட்டைகளிற் பல அல்லிகேட்டர் என்னும் அகன்ற மூக்கு முதலை, வாலாலும் மூக்காலும் சேற்றை ஒதுக்கிப் பராமரித்து வரும் பள்ளங்களாகும். மீன் திரண்ட இடத்தில் கொக்கும் நாரையும் கூழைக்கடாவும் கூடுகின்றன. ஒளிப்படத்தில் செழிப்பின் உச்சமாகத் தெரியும் இக்காட்சி, உண்மையில் நீர் சுருங்கியதன் விளைவு என்பதைப் படக்குறிப்பு எழுதுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்த வடிதலையே நம்பி வாழும் பறவை, மரநாரை. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் தமிழ் வாசகர்கள் கண்டிருக்கும் மஞ்சள் மூக்கு நாரையின் பேரினத்தைச் சேர்ந்த இது, கண்ணால் பார்த்து இரை தேடுவதில்லை. அலகைச் சற்றே திறந்து கலங்கிய நீரில் அமிழ்த்தி வைத்துக்கொண்டு நடக்கிறது, மீன் பட்டவுடன் மூடிவிடுகிறது. அந்த மூடலுக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 25 மில்லிநொடி, அதாவது ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு. அலகு மூடுவதைக் கண்டபின் ஷட்டரை அழுத்தி அக்கணத்தைப் பிடிப்பது என்பது மனித விரலால் ஆகாத காரியம். நாரை நடக்கத் தொடங்கியதுமே தொடர் படப்பிடிப்பு முறையில் ஷட்டரை ஓட விடுவதும், நொடியின் 2,000-இல் ஒரு பங்கு போன்ற வேகத்தை அமைத்துக்கொள்வதுமே வழி. தொட்டு உணரும் இம்முறைக்கு மீன் அடர்த்தி தேவை. நீர் தவறான வேளையில் உயர்ந்தால் மீன்கள் கலைந்துபோக, நாரைகள் குஞ்சுகளைக் கூட்டிலேயே கைவிட்டுச் செல்வதுண்டு. 1948-இல் தொடங்கிய வெள்ளத் தடுப்புத் திட்டத்தின் கால்வாய்களும் கரைகளும் இந்தக் கணக்கைக் குலைத்ததால்தான் 1984-இல் இப்பறவை அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. 2014-இல் ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக வகைப்படுத்தப்பட்டது.

பூங்காவின் ராயல் பாம் பகுதியில் உள்ள அன்ஹிங்கா நடைபாதை, நம் பாம்புத்தாராவின் நெருங்கிய உறவினமான அன்ஹிங்காவின் பெயரைத் தாங்கியது. நீருக்கடியில் மீனைக் கூரிய அலகால் குத்தி எடுக்கும் இப்பறவையின் இறகுகள் நன்றாக நனைந்துவிடுவதால், வெளியேறியவுடன் ஏதேனும் ஒரு கிளையில் சிறகை விரித்து நெடுநேரம் காயவைக்கிறது. இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது ஆண் பறவையின் கண்ணைச் சுற்றியுள்ள தோல் பச்சை கலந்த நீலமாக மாறும். பின்கழுத்தில் நார்நாராக மெல்லிறகுகள் எழும்பும். விரித்த கரிய சிறகின் மேல் வெள்ளிக் கோடுகள் ஓடும். இந்தக் கருமையில்தான் கேமரா தடுமாறுகிறது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. வெளிறிய வானத்தின் முன் அமர்ந்த கரும்பறவை அதனால் வெறும் நிழலுருவாகிவிடுகிறது. நிழல் படிந்த நீரின் முன் நிற்கும் பெரிய வெள்ளைக் கொக்கோ இறகின் இழைகளே தெரியாமல் வெளுத்துப்போகிறது. முன்னதற்கு ஒளி அளவை ஒரு படி கூட்டியும், பின்னதற்கு ஒன்று முதல் ஒன்றரைப் படி குறைத்தும் வைக்க வேண்டும். வெண்மையில் ஒருமுறை தொலைந்த இழையை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது என்பதால் கொக்கின் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

அடுத்த சிக்கல் கோணம். பறவையின் கண் மட்டத்திலிருந்து எடுத்த படமே உயிரோட்டமுள்ளது என்பது அனைவரும் ஒப்பும் விதி; ஆனால் அல்லிகேட்டர் படுத்திருக்கும் கரையில் எவரும் குப்புறப் படுக்க முடியாது. வனவிலங்குகளிடமிருந்து குறைந்தது 15 அடி விலகி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் அறிவுறுத்தலாகவும் உள்ளது. இதற்கு எளிய வடிவியல் ஒன்று துணைசெய்கிறது. நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கேமரா இருக்க, பறவை 5 மீட்டர் தொலைவில் நின்றால் பார்வை ஏறத்தாழ 22 பாகை கீழ்நோக்கிச் சாய்கிறது; அதே உயரத்தில் 20 மீட்டர் தொலைவிலுள்ள பறவைக்கு அது 6 பாகைக்கும் குறைந்துவிடுகிறது. ஆகவே நெருங்கிச் சென்று சிறு லென்ஸால் எடுப்பதைவிட, விலகி நின்று நீண்ட டெலி லென்ஸால் எடுப்பது பறவைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. 

படச் சட்டத்துக்குள் வராதவற்றையும் இங்கே பேசியாக வேண்டும். வளர்ப்பு விலங்கு வணிகத்தின் வழியாக வந்து காட்டில் பெருகிய பர்மிய மலைப்பாம்பு, இப்பகுதியின் பாலூட்டிகளைப் பெரும்பாலும் துடைத்தெடுத்துவிட்டது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, சாலையோரக் கணக்கெடுப்புகளில் ரக்கூன் தென்படுவது 99 விழுக்காட்டுக்கு மேலும், பாப்கேட் என்னும் காட்டுப்பூனை தென்படுவது ஏறத்தாழ 88 விழுக்காடும் குறைந்ததாகக் காட்டியது. பழைய ஒளிப்படத் தொகுப்புகளில் சாதாரணமாக இடம்பெற்ற விலங்குகள் புதியவற்றில் இல்லாததற்கு இதுவே காரணம். அப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க 2017-இல் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும், புல்லில் பதிந்த தடத்தையும் எச்சத்தையும் கொண்டே சில நாட்களில் பத்துக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்துக்காட்டினர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

மழைக்காலம் வந்ததும் விலங்குகள் சிதறுகின்றன, கொசுக்கள் திரள்கின்றன, பூக்கள் வருகின்றன. நம் ஊர் விஷமூங்கிலின் பேரினத்தைச் சேர்ந்த சதுப்பு லில்லி, ஆறு ஒடுங்கிய வெண்ணிற இதழ்களோடு நீர் நின்ற இடங்களில் மலர்கிறது. ஆகாயத்தாமரையின் உறவினமாயினும் இங்கு இயற்கையாகவே வளரும் பிக்கரல் களை, நீலக் கதிர்களை நிமிர்த்துகிறது. நண்பகல் வெயிலில் இவற்றின் நிறம் வெளிறிப்போகும். பிற்பகல் இடிமழைக்கு முன் திரளும் மேகமே ஒளியை மென்மையாக்கும் சிறந்த திரை; ஆனால் மின்னல் தொடங்குமுன் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து எடுத்த லென்ஸில் உடனே நீராவி படியுமாதலால், வெளிவெப்பத்துக்குப் பழகும்வரை கேமராவைக் காற்றுப்புகாத பையிலேயே வைத்திருப்பது நலம்.

பூக்களுள் நின்று பார்க்கத் தக்கது நீரில் மிதக்கும் யூட்ரிகுலேரியா. நீருக்கு மேலே மெல்லிய காம்பில் சில மஞ்சள் பூக்கள் மட்டுமே தெரியும் இச்செடிக்கு வேர் கிடையாது. நீருக்குள் இறகுபோல் பிரிந்த இலைகளில் கடுகளவுப் பைகள் தொங்குகின்றன. பைக்குள்ளிருக்கும் நீரைச் செடி வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்க, வாயிலில் உள்ள மயிரை நீர்த்தெள்ளு ஒன்று தீண்டியதும் கதவு திறந்து, ஒரு மில்லிநொடிக்கும் குறைந்த நேரத்தில் அது உள்ளே இழுக்கப்படுகிறது. பூவை மட்டும் எடுத்தால் செடியின் பாதியைக்கூட எடுத்ததாகாது. நீரின் மேற்பரப்புப் பளபளப்பை நீக்கும் போலரைசர் ஃபில்டர் இங்கே கைகொடுக்கிறது. நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது அதன் விளைவு உச்சம் பெறுவதால், கேமராவின் உயரத்தை அதற்கேற்ப அமைத்து வளையத்தைச் சுழற்றினால் பையும் பூவும் ஒரே படத்தில் அமையும். ஃபில்டர் ஒன்றரைப் படி ஒளியையேனும் விழுங்கிவிடுமாதலால் முக்காலி வேண்டும். பலகை நடைபாலத்தில் பிறர் நடக்கும் அதிர்வு அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

இவ்வாறான காத்திருப்பைத் தம் பாணியாகவே ஆக்கிக்கொண்டவர் ஒளிப்படக் கலைஞர் கிளைட் பட்ச்சர். பிக் சைப்ரஸ் சதுப்பில் இடுப்பளவு நீரில் இறங்கி, பெருவடிவக் கேமராவில் 8-க்கு 10 அங்குல அளவுள்ள கருப்பு வெள்ளை ஃபிலிம் தாள்களைப் பயன்படுத்தி அவர் எடுத்த படங்கள், இந்நிலத்தைக் கொசுக்காடாகவே கண்டுவந்த மாநில மக்களின் பார்வையை மாற்றியதில் பெரும்பங்கு கொண்டவை. வண்ணமே இல்லாமலும் இந்நிலம் நிற்கும் என்பதற்கு அப்படங்களே சான்று.

மேற்கே ஃபாக்கஹாட்சி சைப்ரஸ் காட்டில் மலரும் பேய் ஆர்க்கிட், ஒளிப்படம் அறிவியலுக்கு உதவிய அண்மைச் சான்றாகும். இலையே இல்லாமல் மரப்பட்டையில் ஒட்டிய பசுமையான வேர்களால் ஒளிச்சேர்க்கை செய்யும் இச்செடி, பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலர்கிறது. தேன்குழல் மிக நீண்டது என்பதால், அதே அளவு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட ஜயன்ட் ஸ்ஃபிங்ஸ் என்னும் அந்துப்பூச்சியே இதன் மகரந்தத்தைக் கடத்துகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கார்ல்டன் வார்டு, மாக் ஸ்டோன் என்னும் ஒளிப்படக் கலைஞர்கள் மரத்தில் பொருத்திய தானியங்கிக் கேமராக்கள், ஃபிக் ஸ்ஃபிங்ஸ் என்னும் வேறோர் அந்துப்பூச்சி தலையில் மகரந்தப் பொதியுடன் இருந்ததைப் பதிவு செய்தன. 2019-இல் வெளியான ஆய்வுக்கட்டுரை அதை உறுதிப்படுத்தியது. அனுமதியும் ஏறும் பயிற்சியும் ஆய்வாளர் துணையும் பெற்றுச் செய்த வேலை அது. கைப்பேசியோடு காட்டுக்குள் இறங்கித் திரும்பச் செய்யத் தக்கதன்று.

காட்டிலிருந்து பெயர்த்து விற்பதற்காக இந்த ஆர்க்கிட் இன்றும் திருடப்படுகிறது. கார்க்ஸ்க்ரூ சரணாலயத்தில் 2007-இல் கண்டறியப்பட்ட செடியை நடைபாலத்திலிருந்து எவரும் பார்க்க விடுகிறார்கள் என்றால், அது தரையிலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதால்தான். தாழ்வான கிளைகளில் உள்ளவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கைப்பேசியும் புதிய கேமராக்கள் பலவும் படக் கோப்பிலேயே எடுத்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எழுதிவிடுகின்றன. எனவே அரிய மலரின் படத்தை எவருக்கேனும் அனுப்புமுன் அந்த இடக்குறிப்பை நீக்கிவிடுக. படக்குறிப்பில் மாவட்டத்தின் பெயருக்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.