கடிக்கும் குட்டியை அடிக்கலாமா?

பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. ராஜபாளையம் குட்டி வந்த முதல் வாரம் வீட்டில் எல்லோருக்கும் செல்லம். மூன்று, நான்கு மாதம் ஆனதும் ஓடுகிற பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வுகிறது. சோற்றுத் தட்டுப் பக்கம் போனால் உறுமுகிறது. உடனே மண்டையில் ஒரு போடு, பிடரியைப் பிடித்து ஓர் உலுக்கு. அதற்கும் அடங்காவிட்டால் நாள் முழுக்கச் சங்கிலி. காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் குட்டியை உண்மையிலேயே கடிநாய் ஆக்குவது பெரும்பாலும் இந்த வைத்தியம்தான்.

குதிகால் கடியையும் தட்டு உறுமலையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முதலாவதில் கோபமே இல்லை. 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும் பருவம். ஈறு நமைச்சல் ஆறேழு மாதம் வரை இருக்கும். போதாததற்கு இது வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தெடுத்த இனம். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. கத்திக்கொண்டு ஓடினால் அதற்கு விளையாட்டு சூடுபிடிக்கும். அசையாமல் நின்று, கடிக்க ஒரு கயிற்றைக் கொடுங்கள். விடவில்லை என்றால் அரை நிமிடம் அறையை விட்டு வெளியேறுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். தாத்தா மட்டும் கையைக் கடிக்கக் கொடுத்துக் கொஞ்சினால் பலன் இருக்காது. சாயங்காலத்தில் வெறி பிடித்ததுபோல் ஓடிக் கடிக்கிறதா? பகலில் தூங்க விட்டிருக்க மாட்டீர்கள். இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும்.

தட்டு உறுமல் வேறு. ‘என் சோற்றைப் பிடுங்கிவிடுவார்களோ’ என்ற பயத்தில் குட்டி விடும் எச்சரிக்கை அது. அடித்தால் உறுமல் நின்றுவிடும், பயம் நிற்காது. பிறகொரு நாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். யார் எஜமான் என்று காட்டத் தட்டைப் பிடுங்குகிறவர்கள், அதன் சந்தேகம் சரி என்றே நிரூபிக்கிறார்கள். அது சாப்பிடும்போது தள்ளி நின்று ஒரு துண்டு முட்டையோ கோழியோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். உடம்பைத் தளர்வாக வைத்துக்கொண்டு வாலாட்டினால் மறுநாள் ஓரடி கிட்டே போகலாம். அவசரம் வேண்டாம்.

‘நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும்’ என்ற பேச்சு ஓநாய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல், அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் அதன் வேர் இருக்கிறது. 1970-இல் வெளியான தன் நூலால் அதைப் பரப்பிய டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார். பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நடத்தைச் சிக்கல்களுடன் வந்த நாய்களைப் பற்றி 2009-இல் ஓர் ஆய்வு வெளியானது. அடித்தோ உதைத்தோ பார்த்த வீட்டுக்காரர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது; மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் 31 சதவீதம் பேரிடம்.

அந்நியரைக் காட்டாமல் வளர்த்தால்தான் நல்ல காவல் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. ராஜபாளையத்துக்கு அந்நியரிடம் ஒட்டாத சுபாவம் பிறவியிலேயே இருக்கிறது. நாம் கூட்ட வேண்டியதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை பார்த்த மனிதர்களையும் கேட்ட சத்தங்களையும் குட்டி இயல்பாக எடுத்துக்கொள்ளும். முதல் தடுப்பூசி போட்ட கையோடு, தெருவில் இறக்கிவிடாமல், தூக்கிக்கொண்டு போய்க் கடைவீதியைக் காட்டலாம்.

சொல்பேச்சு கேட்காத குட்டிக்குக் காது கேட்கிறதா என்றும் பாருங்கள். இந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிப்பது அதனாலும் இருக்கலாம்.

உடம்பு விறைத்து, கண் நிலைகுத்தி நின்று கடித்தாலோ, சாதுவான குட்டி திடீரென்று மாறினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எங்காவது வலி இருக்கக்கூடும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வாக்கில்தான் போடுகிறார்கள். ஆகவே பால்பல் கீறல்தானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.